குளத்துக்கு மேலே என்ன நடக்கிறது? தண்ணீரையும் மண்ணையும் ஊரோடு சேர்ந்து காப்பது

விழிப்புணர்வு முகாம் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா, பின்னால் டிஜிட்டல் பேனர், தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர், கடைசியில் உறுதிமொழி. நீரைக் காப்போம், மண்ணைக் காப்போம் என்று நாலு பேர் மாறி மாறிப் பேசுவார்கள். கைதட்டிவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலையில் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரைப் பழையபடி வாய்க்காலில்தான் அலசுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்க்காலில் கழுவிய மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்று அந்த மேடையில் யாரும் காட்டவில்லை. "கெட்டுப்போகும்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஊருக்குப் பாடம் எடுக்காதீர்கள். ஊர்க்காரர்களே தங்கள் தண்ணீரையும் மண்ணையும் அளந்து பார்க்க வழி செய்து கொடுங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படை இதுதான். சுய உதவிக் குழுவில் இருப்பவர், பள்ளி ஆசிரியர், ஊராட்சி வார்டு உறுப்பினர், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர் என்று யார் இதைக் கையில் எடுத்தாலும் விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டு, சில பாட்டில்கள், கொஞ்சம் பொறுமை போதும்.

ஊர்க்காரர்கள் எண்ணிய எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அந்தத் தீர்ப்பில் பெரிய ஆய்வுகளோடு சேர்த்து ஒரு சின்னக் கணக்கும் இடம்பெற்றிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கிணறு கிணறாகப் போய்ப் பார்த்து எழுதியதால்தான் அந்த எண் கிடைத்தது. "எங்க பக்கம் தண்ணி சரியில்லைங்க" என்று மனு கொடுப்பதற்கும் "467-க்கு 350" என்று கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதிகாரி முகத்திலேயே தெரியும். அந்தத் தீர்ப்பில் இன்னொரு எண்ணும் உண்டு: தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. தண்ணீர் கெட்ட இடத்தில் மண்ணும் கெட்டது. இரண்டுக்கும் தனித்தனியாக முகாம் நடத்துவதில் அர்த்தமில்லை.

முதல் வேலை: மேட்டை நோக்கி நடப்பது

கூட்டம் போடுவதற்கு முன்னால் நடந்து பாருங்கள். குளம், ஏரி, கண்மாய் என்று உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ, அதன் கரையில் தொடங்கித் தண்ணீர் வரும் திசையில் மேல்நோக்கிப் போங்கள். வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, இடையில் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்தத் தோட்டத்துத் தண்ணீர் அதில் விழுகிறது, கோழிப்பண்ணைக் கழிவு சேருகிறதா, ஊர்க் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். நல்ல மழை விட்ட மறுநாள் இதற்கு உகந்த நாள். எந்தக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, எதிலிருந்து வருவது செக்கச்செவேலென்று இருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

தனியாகப் போகாதீர்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த ஓடை எப்போது வெட்டியது, எந்தப் பாறைக்கடியில் கசிவு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய பழைய ஆள் உயிரோடு இருந்தால் அவர் ஒரு நூலகம். குடம் தூக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வரட்டும். எந்த அடிகுழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, எதில் சோப்பு நுரைக்காது, எந்த மாதத்தில் எந்தக் கிணற்றில் வாடை வரும் என்று சோதனைக்கூடத்துக்குப் போகாமலே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். திருத்த வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

போகிற வழியில் வெள்ளையடித்த வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். அடியில் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்த வேகத்தில் கிளம்பிய மண் அது. பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் தரையில் மோதுகிறது. மண் அரிப்பு ஓடையில்தான் நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது துளி விழும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதை விளக்கப் படம் வேண்டாம், அந்தச் சுவரே போதும்.

நடந்து திரும்பியதும் தெருவில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள். குளம், கிணறு, போர், மேல்நிலைத் தொட்டி, கழிவறைக் குழிகள், மாட்டுக்கொட்டில், உரக்கடை, மேட்டுக்காடு எல்லாம் அதில் வரட்டும். தண்ணீர் ஓடும் திசைக்கு நீலப் பொடியில் அம்புக்குறி. படம் முடியும் முன்பே "நம்ம போருக்கு மேலேதானே அந்தக் குழி இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அவர்களில் ஒருவர் கேட்கட்டும்.

எங்கே கூடுவது

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் காலனிக்காரர்கள் வருவார்களா, வந்தாலும் உட்கார்ந்து பேசுவார்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தண்ணீர் என்றைக்கும் சாதியோடு சேர்ந்தே ஓடியிருக்கிறது. பல ஊர்களில் தெருவுக்கொரு தொட்டி, தெருவுக்கொரு குழாய். ஊரின் மழைநீரும் சாக்கடையும் இறங்கி வந்து நிற்கும் தாழ்ந்த பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கோலப்படத்தில் பார்த்தாலே விளங்கும். எனவே தண்ணீர் மாதிரி எடுக்கும்போது எல்லாத் தெருவிலிருந்தும் எடுக்க வேண்டும். சோதிக்கும் குழுவில் எல்லாத் தெருப் பெண்களும் இருக்க வேண்டும். கூடும் இடம் பள்ளிக்கூடமாகவோ அங்கன்வாடியாகவோ இருக்கட்டும். இதில் சமரசம் செய்துகொண்டால் பிறகு வரும் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணி அதிகாரிகளுக்கு வசதி. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் வையுங்கள்.

மூன்று பாட்டில், இரண்டு மண்கட்டி

மண் பற்றிப் பேச இரண்டே செய்முறைகள் போதும். இரண்டையும் முதலில் வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கூட்டத்தில் செய்யுங்கள்.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்றைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுங்கள். மூன்றிலும் ஒரே காட்டு மண்ணை நிரப்புங்கள். முதலாவதில் வெறும் மண். இரண்டாவதில் மண்மேல் காய்ந்த இலை, கடலைச்செடித் தாள், வைக்கோல் ஏதாவது பரப்புங்கள். மூன்றாவதில் இரண்டு வாரத்துக்கு முன்பே கேழ்வரகோ கம்போ நெருக்கமாக விதைத்து முளைக்க வைத்திருக்க வேண்டும். மூன்றையும் ஒரே சரிவில், வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் சாய்த்து வைத்து, மூடிகளைக் கழற்றி, வாய்க்குக் கீழே ஒவ்வொரு கண்ணாடி டம்ளர் வையுங்கள். பூவாளியால் மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுவது ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும்.

முதல் டம்ளரில் டீத்தண்ணீர் போல் கலங்கல் விறுவிறுவென்று வந்து விழும். இரண்டாவதில் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தெளிவாக வரும். மூன்றாவதில் சொட்டுச் சொட்டாக, ஏறக்குறையத் தெளிந்து வரும். அளவும் குறைவாகத்தான் இருக்கும், மீதித் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது எதுவும் பேசாமல் மூன்று டம்ளரையும் வரிசையாகக் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்த டம்ளர் நம் குளத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அடுத்து, போட்ட யூரியாவும் டிஏபியும் எந்த டம்ளரோடு போயிருக்கும் என்று கேளுங்கள். விவசாயிக்கு இந்த இரண்டாவது கேள்விதான் சுருக்கென்று தைக்கும். குளம் கெடுவது பொது நஷ்டம். மூட்டை உரம் அடித்துப் போவது சொந்தக் காசு.

இரண்டாவது செய்முறை இன்னும் எளிது. பல வருஷமாக உழுது ரசாயன உரம் மட்டும் போட்ட காட்டிலிருந்து கோலிக்குண்டு அளவில் காய்ந்த மண்கட்டி ஒன்று. அதே மண்வகையில், உழவு படாத வேலியோரத்திலிருந்தோ கோயில் காட்டு மரத்தடியிலிருந்தோ இன்னொன்று. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, கொசுவலைத் துண்டில் ஏந்தி, இரண்டு கட்டியையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். உழுத காட்டுக் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் சேறாகும். வேலியோரக் கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். வேரும் இலைமக்கும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் மண் துகள்களைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். தொழுவுரம் எதற்கு என்று இதற்குப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டுங்கள். ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது 4 கன மீட்டர், அதாவது சுமார் 140 கன அடி. நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட்; ஆக ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மண், எடையில் ஐந்து டன். யாராவது ராத்திரியில் டிராக்டர் கொண்டுவந்து ஒன்றரை யூனிட் அள்ளிக்கொண்டு போனால் போலீசில் புகார் கொடுப்போம். மழை அள்ளிப் போனால் ஒரு மில்லிமீட்டர் இறங்கியது கண்ணுக்கே தெரியாது.

தண்ணீரைச் சோதிப்பது

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் யார், சோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பீரோவுக்குள் பிரிக்காமலே கிடக்கும் பெட்டிகளும் உண்டு. மருந்துகளுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெட்டியில் பல சோதனைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போனால் ஆட்கள் சலித்துப்போவார்கள். என் யோசனை: ஃபுளோரைடு, நைட்ரேட், எஞ்சிய குளோரின், மலக்கிருமி ஆகிய நாலையும் முதலில் பாருங்கள். ஏதாவது தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் மொத்தக் கரைந்த உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது தலைமுறைகளாக இருக்கும் துயரம். அதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை விழும்; அளவு அதிகமாகி வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கூட்டத்தில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்க வைத்துப் பல்லைக் காட்டச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை பிறகு சிரிக்கவே கூச்சப்படும்.

நைட்ரேட் பெரும்பாலும் நம் கைவரிசை: மிதமிஞ்சிய யூரியா, கழிவறைக் குழி, எருக்குழி. லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பு. புட்டிப்பால் கலக்க அதைத் தாண்டிய தண்ணீரைப் பயன்படுத்தினால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டுவதால் கொஞ்சம் அடர்த்திதான் ஆகும். அவை அதிகமுள்ள போரைக் குடிநீர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, துணி துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க வேறு ஆதாரம் தேட வேண்டும்.

மலக்கிருமிச் சோதனைக்குச் சின்னச் சீசா ஒன்று வரும். குழாய் வாயைத் துடைத்துச் சூடுகாட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சீசாவின் கோடு வரை பிடித்து, மூடி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அறைச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீர் கறுப்பாக மாறினால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சீசாக்களை அங்கன்வாடியின் பார்வையான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், வரிசையாக வையுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார்கள் தங்கள் தெருச் சீசா கறுத்துவிட்டதா என்று தினமும் எட்டிப் பார்ப்பார்கள். முகாமில் ஒருமணி நேரம் பேசிச் சாதிக்க முடியாததை அந்தக் கறுப்புச் சீசா சாதிக்கும். வேலை முடிந்ததும் சீசாவுக்குள் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிச் சில மணி நேரம் வைத்த பிறகே கொட்டுங்கள்.

பெட்டிச் சோதனை ஓர் எச்சரிக்கை மட்டும். முடிவு மோசமாக வந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதிசெய்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

கிணற்றுக்கு மருந்து போடுவது

கிருமி கண்ட பொதுக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். கைக்கு வந்த அளவில் அள்ளிப் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். கூடினால் வாடை தாங்காமல் மக்கள் பழைய ஊற்றுக்கே போய்விடுவார்கள்; குறைந்தால் பயனில்லை. கணக்கு இதுதான்: கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள், அதோடு நீர் நிற்கும் ஆழத்தைப் பெருக்குங்கள், வந்ததை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். குறுக்கே 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்றால் 70 கிராம். கலங்கலாகவோ அழுக்காகவோ இருந்தால் கூடுதலாகத் தேவைப்படும்.

பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். சாயங்காலம் இறைப்பு நின்ற பிறகு போட்டால் மறுநாள் காலை எடுக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருக்க வேண்டும். பெட்டியில் அதற்கான சோதனை இருக்கிறது. குறைந்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். திறந்து கிடந்த, ஈரம் பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது.

மருந்து போடுவதோடு நின்றுவிட்டால் அடுத்த மாதமும் போட வேண்டியதுதான். கழிவறைக் குழி, எருக்குழி எதுவும் கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருக்கக்கூடாது. வெடிப்புப் பாறையோ மணலோ ஆன இடத்தில் இன்னும் தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. அடிகுழாயைச் சுற்றி வெடிப்பில்லாத சிமெண்டுத் திண்ணை, வழியும் தண்ணீர் போக ஒரு வாய்க்கால், மாடு குடிக்கும் தொட்டி தள்ளி ஓரிடத்தில். பூச்சிமருந்து டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றி வயலில் அடித்துவிட வேண்டும். மருந்து கலப்பதும் ஸ்பிரேயர் கழுவுவதும் கிணற்றடியிலோ வாய்க்காலோரத்திலோ கூடாது. காலி டப்பாவை அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது யார் வீட்டிலாவது மண்ணெண்ணெய் டப்பாவாகவோ தண்ணீர்ச் செம்பாகவோ மாறிவிடும்.

மேட்டுக்காட்டில் செய்ய வேண்டியது

இவ்வளவு செய்தும் மேட்டுக்காட்டு மண் இறங்கிக்கொண்டிருந்தால் குளம் தூர்ந்துகொண்டேதான் இருக்கும். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். அதை ஓடவிடாமல் அங்கேயே மண்ணுக்குள் இறக்குவதுதான் மானாவாரிக்காரரின் கலை.

சரிவுக்கு நேராக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன அணை. டிராக்டர்காரர் காட்டின் நீளவாக்கில்தான் ஓட்டுவார், அவருக்கு டீசலும் நேரமும் கணக்கு; சரிவு எந்தப் பக்கம் என்று சொல்லி ஓட்டச் சொல்வது காட்டுக்காரர் பொறுப்பு. கோடை மழைக்குப் பிறகு ஒரு குறுக்கு உழவு போட்டு வைத்தாலே அடுத்த மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கும்.

சமமட்டக் கோடு கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆறடி நீளக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் இரண்டு முளையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் குறி போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறி போடுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். இனி காட்டில் ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும்வரை மறு காலை மேலும் கீழும் நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கு இது பிடித்த விளையாட்டு. காற்றில்லாத காலை நேரத்தில் செய்யுங்கள், கயிறு ஆடாது.

அந்தக் கோட்டில் வரப்பு போடலாம், கல் கிடைத்தால் கல்வரப்பு. எந்த மண்வரப்பானாலும் மிகுதித் தண்ணீர் வெளியேறக் கல் பரப்பிய ஒரு வாய் விட்டே ஆக வேண்டும். வாய் விடாத வரப்பு பெருமழையில் உடையும். உடைந்த இடத்தில் விழும் வெட்டு, வரப்பே இல்லாமல் இருந்ததைவிட மோசமாக இருக்கும். வரப்பின்மேல் வெட்டிவேர் நடுவது நல்லது. நாலு விரற்கடை இடைவெளியில் நெருக்கமாக, இடைவெளி இல்லாத வேலிபோல் வளர வேண்டும். வேர் பத்தடி ஆழம் வரைகூட இறங்கும், முற்றிய தாளை ஆடுமாடு அவ்வளவாகத் தொடாது. தீவனமும் வேண்டும் என்பவர்கள் கொழுக்கட்டைப் புல் விதைக்கட்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கும் ஊர்கள், பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் மண் மொத்தமும் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மழைக்கு முன்பே புல்லோ மரக்கன்றோ தயாராக இருக்கட்டும்.

பண்ணைக்குட்டை பல ஊர்களில் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. மேட்டில், தண்ணீர் வராத மூலையில் வெட்டியதெல்லாம் வெறும் பள்ளம். காட்டின் தாழ்ந்த மூலையில் வெட்டி, தண்ணீர் நுழையும் இடத்தில் சேறு தங்க முன்குழி ஒன்று வைத்தால்தான் அது குட்டை.

போன மண்ணைக் கொஞ்சம் திரும்ப எடுக்கவும் வழியுண்டு. குளத்து வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது; வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செம்மண், மணல்சாரி நிலத்துக்கு வண்டல் அருமருந்து. ஏற்கெனவே களியாக இருக்கும் கரிசலுக்குப் போட்டால் நீர்வடிவு கெடும். சாக்கடையோ சாயக்கழிவோ தோல் கழிவோ கலக்கும் குளத்து வண்டலை எந்தக் காட்டுக்கும் போடாதீர்கள், இலவசமாகக் கிடைத்தாலும்.

எழுதி வைப்பதும் தீர்மானமும்

நோட்டில் தேதி, இடம், யார் எடுத்தது, முடிவு என்று நாலு கட்டம் போதும். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை ஒரே இடங்களில் எடுங்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து எழுதினால் உங்கள் ஊரைப் பற்றி எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணம் உங்கள் கையில் இருக்கும். முடிவுகளைப் பெரிய எழுத்தில் ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள். "மேலத்தெரு அடிகுழாய்: கிருமி உண்டு, காய்ச்சிக் குடிக்கவும்" என்று ஒரே வரி. மோசமான முடிவு வந்த தெருக்காரர்களை அவமானப்படுத்தும் தொனி கூடாது. அவர்கள் குழாயைக் கெடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களாக இருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடை தொடங்கும் நேரம், குளம் வற்றியிருக்கும், வரத்து வாய்க்கால் தூர்வாரவும் வரப்பு போடவும் மழைக்கு முன் அவகாசம் இருக்கும். அந்தச் சபைக்கு நோட்டோடு போங்கள். "குடிநீரைச் சுத்தப்படுத்த வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் கேட்காதீர்கள். எந்தத் தெரு, எந்தக் குழாய், என்ன அளவு, என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மான நகலையும் ஆய்வக அறிக்கையையும் ஒன்றாகத் தைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுத்து, ஒப்புகை வாங்கி நோட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வேலை நடந்ததா என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை.